அடுத்த பெயர்

மாணவர்களே, இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். உங்கள் பையிலுள்ள பாடநூல்களில் ஏதேனும் ஒன்றை எடுத்து, அட்டையைத் திறந்து முன்பக்கங்களைப் பாருங்கள். கட்டம் போட்ட ஓர் அட்டவணை கண்ணில் படும். ஆண்டு, படிவம், பெறுநரின் பெயர், பெற்ற நாள் என்று அதில் தலைப்புகள் இருக்கும். கூடவே, இந்நூலை விற்கக் கூடாது என்று மலாய் மொழியில் ஒரு வரியும் இருக்கும். நம்மில் பலர் அந்தப் பக்கத்தை நின்று பார்ப்பதே இல்லை.

நான் ஓர் இடைநிலைப்பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியின் பாடநூல் அறைக்கும் நான்தான் பொறுப்பு. பள்ளியாண்டு முடியும் வேளையில் மாணவர்கள் திருப்பித் தரும் நூல்கள் என் மேசைமேல் மலைபோல் குவியும். ஒவ்வொரு நூலையும் எடுத்து, கிழிந்திருக்கிறதா, நனைந்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஆனால் என் கை முதலில் தேடுவது அந்தப் பெயர் அட்டவணையைத்தான். அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினான்கு வயதில் அந்த அட்டவணையை வெள்ளைத்தாள் கொண்டு மூடி ஒட்டியவள் நான்.

நான் பிறந்து வளர்ந்தது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த ஒரு ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவும் தொழிலாளர்கள். பொழுது புலர்வதற்கு முன்பே, பெரட்டு எனப்படும் காலைக் கணக்கெடுப்புக்குப் போய்விடுவார்கள். அங்கே பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தங்கள் நிரைக்குச் செல்வார்கள். மரம் நனைந்திருந்தால் சீவ முடியாது. சீவிய பிறகு மழை பிடித்தாலோ, பால் மழைநீரோடு வழிந்து மண்ணில் கலந்துவிடும். ஆகவே மழை பெய்தால் கூலி குறையும். எங்கள் வீட்டில் வானத்தைப் பார்த்துத்தான் செலவுக் கணக்குப் போடுவார்கள்.

எங்கள் பகுதியில் ஆண்டின் கடைசி மாதங்களில் மழை அதிகம். தீபாவளிச் செலவும் அந்த மாதங்களில்தான் வரும். அது முடிந்து மூச்சு விடுவதற்குள் ஜனவரி பிறந்து, பள்ளியும் திறந்துவிடும். மூன்று பிள்ளைகளுக்கும் சீருடை, வெள்ளைக் காலணி, பயிற்சிப் புத்தகங்கள், பள்ளிக் கட்டணம், பேருந்துக் காசு என்று செலவுகள் வரிசை பிடித்து நிற்கும். கையில் காசு குறைந்த நேரம் பார்த்துச் செலவு கூடும். இந்தச் சிக்கலைத் தோட்டத்தில் வாழ்ந்த எல்லாக் குடும்பங்களும் அறியும்.

தமிழ்ப்பள்ளியை முடித்துவிட்டு, 1981இல் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வருகிற மாணவர்கள், மலாய் மொழியில் பாடங்களைப் படிக்கப் பழகிக்கொள்வதற்கான ஓராண்டு வகுப்பு அது. அங்கேதான் எனக்கு ஒரு சீனத் தோழி கிடைத்தாள். அவளுடைய தந்தை பட்டணத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். அவளுக்கும் மலாய் தடுமாறும், எனக்கும் தடுமாறும். ஒருவர் தடுமாற்றத்தை மற்றவர் கேலி செய்யாததால் நெருங்கிய தோழிகளானோம்.

அந்த ஆண்டின் இறுதியில் வகுப்பாசிரியர் சிலரிடம் மட்டும் ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொடுத்தார். அது பாடநூல் கடனுதவித் திட்டத்திற்கான பாரம். இத்திட்டத்தைக் கல்வி அமைச்சு 1975இல் தொடங்கியிருந்தது. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடநூல்களைக் காசு வாங்காமல் இரவலாகக் கொடுப்பார்கள். ஆண்டு முடிவில் திரும்பப் பெற்று, அடுத்து வரும் மாணவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் இந்த உதவி எல்லாருக்கும் இல்லை. பெற்றோரின் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். மற்றவர்கள் கடையில்தான் நூல்களை வாங்க வேண்டும்.

அன்று இரவு பாரத்தை அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு மலாய் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது. நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். தந்தையின் மாத வருமானம், தாயின் மாத வருமானம், பிள்ளைகளின் எண்ணிக்கை, இவை உண்மை என்று தோட்ட நிர்வாகம் உறுதிப்படுத்தும் கையெழுத்து. கடைசி வரியைக் கேட்டதும் அப்பாவின் முகம் மாறியது.

“பிள்ளைக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க வக்கில்லாதவன் என்று ஆபீசில் போய் நானே சொல்ல வேண்டுமா? கடன்பட்டாவது வாங்கித் தருகிறேன். நாளைக்கே இதை ஆசிரியரிடம் திருப்பிக் கொடுத்துவிடு, ஆயா.”

அடுப்படியில் இருந்த அம்மா, “கடைக்காரரிடம் கடன் வாங்கினால் போகாத மானம், அரசாங்கத்திடம் வாங்கினால் போய்விடுமோ?” என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்லவில்லை. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். அது என் அத்தையின் திருமணத்தில் எழுதிய மொய் நோட்டு. யார் யார் எவ்வளவு மொய் எழுதினார்கள் என்று அதில் வரிசையாக இருக்கும். அவர்கள் வீட்டு விசேசங்களுக்குப் போகும்போதெல்லாம் அப்பா அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். வாங்கியதற்கு ஒரு வெள்ளியாவது கூட்டித்தான் திருப்பிச் செய்வார்.

“இத்தனை பேரிடம் வாங்கினோமே, அன்றைக்கு நீங்கள் தலை குனிந்தா நின்றீர்கள்?” என்று அம்மா கேட்டார்.

“அது வேறு. அதைத்தான் திருப்பிச் செய்துவிட்டோமே.”

“புத்தகத்தையும் இவள் திருப்பித்தானே கொடுக்கப் போகிறாள்?”

அப்பா மறுநாள் பாரத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தோட்ட அலுவலகத்திற்குப் போனார். மாலையில் திரும்பியபோது அவர் முகத்தில் முதல்நாள் இருந்த இறுக்கம் இல்லை. பெரிய கிராணியார் சொன்னதை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “நீ சீவுகிற பால் ரப்பராகிக் கப்பலேறும்போது அரசாங்கம் ஏற்றுமதி வரி வாங்குகிறது. அந்த வரிப்பணத்தில் பள்ளிக்கூடமும் நடக்கிறது, புத்தகமும் அச்சாகிறது. உன் பிள்ளைக்கு வருவது வேறு யார் வீட்டுக் காசுமில்லை” என்று அவர் சொன்னாராம். அப்பா அதை இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை சொன்னது தமக்காகத்தான் என்று இன்று நினைக்கிறேன்.

அப்பாவின் மனம் தெளிந்தது. என் மனம் தெளியவில்லை.

1982 ஜனவரியில் முதலாம் படிவத்திற்கு வந்தேன். பள்ளி தொடங்கிய முதல் வாரத்திலேயே, காலைச் சபைகூடலில் கடனுதவி பெறும் மாணவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். பெயர் வந்தவர்கள் எழுந்து, பாடநூல் அறைக்கு முன்னால் வரிசையாக நிற்க வேண்டும். வாசித்த ஆசிரியருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது. வேலை விரைவாக முடிய வேண்டும் என்று நினைத்திருப்பார். ஆனால் என் பெயர் காதில் விழுந்தபோது உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. உட்கார்ந்திருந்த நூற்றுக்கணக்கான கண்களும் என் காலணியைப் பார்ப்பதாகத் தோன்றியது. வகுப்பை நோக்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்துபோய் வரிசையில் நின்றேன்.

எனக்குக் கிடைத்த நூல்களில் புவியியல் நூல் கொஞ்சம் பழையது. அதன் அட்டவணையில் ஏற்கெனவே மூன்று பெயர்கள் இருந்தன. முதலாவது ஒரு மலாய்ப் பெயர். இரண்டாவது ஒரு சீனப் பெயர். மூன்றாவது ஒரு தமிழ்ப் பெயர். நான்காவதாக என் பெயரை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். வீட்டுக்கு வந்ததும், அம்மா காகிதப்பூ ஒட்டுவதற்காகக் காய்ச்சி வைத்திருந்த மாவுப் பசையை எடுத்தேன். வெள்ளைத்தாளை அளவாக வெட்டி, அந்த அட்டவணையை முழுதாக மூடி ஒட்டினேன். மேலே பழுப்புத்தாளால் அட்டை போட்டேன். இப்போது அது கடையில் வாங்கிய புத்தகம்போல் இருந்தது.

“எங்கே வாங்கினாய்?” என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள்.

“ஈப்போவில்” என்றேன். என் சீனத் தோழி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் பேசவில்லை.

அந்த ஆண்டு முழுவதும் புவியியல் எனக்குப் பிடித்த பாடமாக இருந்தது. ஆறுகளையும் மலைகளையும் வரைந்து பழகினேன். தேர்வு முடிந்ததும் நூல்களையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நூல்களைத் திருப்பித் தரும் நாள் வந்தபோது பெட்டியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனேன்.

அப்போது பாடநூல் அறைக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு மலாய் ஆசிரியை. அவர் பழுப்புத்தாளைப் பிரித்துப் புவியியல் நூலைத் திறந்தார். நான் திகைத்துப் போனேன். மாவுப் பசையின் வாசனைக்குக் கரப்பான்பூச்சிகள் வந்திருந்தன. ஒட்டிய தாளையும் அதன் கீழிருந்த அட்டவணையையும் அரித்துவிட்டு, அதற்கடுத்த பக்கங்களையும் தின்றிருந்தன. மொத்தம் பதினொரு பக்கங்களில் எழுத்துகள் போயிருந்தன. நாட்டின் வரைபடத்தில் பாதியைக் காணோம்.

“ஏன் இதை ஒட்டினாய்?” என்று அவர் கேட்டார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். அதே கேள்வியை மறுபடி கேட்கவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து எனக்குக் காட்டினார். அடுத்த ஆண்டு முதலாம் படிவத்தில் கடனுதவி பெறப்போகும் மாணவர்களின் பட்டியல் அது.

“எத்தனை பெயர்களோ அத்தனை புத்தகங்கள்தான் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று குறைந்தால் இதில் ஒருவருக்கு இருக்காது. நீ இதற்குரிய விலையைக் கட்டலாம். ஆனால் புதிய நூல் வந்துசேர மார்ச்சு மாதம்கூட ஆகலாம். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?”

அவர் குரல் உயரவில்லை. ஆனாலும் காலைச் சபைகூடலில் என் பெயரை வாசித்த ஒலிபெருக்கியைவிட அது எனக்குப் பலமாகக் கேட்டது.

வீட்டில் உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அன்று மழை. அப்பாவும் அம்மாவும் வேலையில்லாமல் திரும்பியிருந்தார்கள். நூலின் விலை 4 வெள்ளி 60 காசு. அப்பா என்னை அடிக்கவுமில்லை, ஏசவுமில்லை. வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த காசை எண்ணி எடுத்தார். மறுநாள் திருமணத்திற்குப் போகும்போது அணியும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தார்.

ஆசிரியை பணத்தை வாங்கிக்கொண்டு பற்றுச்சீட்டு எழுதினார். அதற்குள் அப்பா மேசைமேலிருந்த வேறொரு நூலைப் புரட்டினார். அட்டவணையில் ஐந்தாறு பெயர்கள் வரிசையாக இருந்தன. ஆண்டும் நாளும் எழுதியிருந்தது. அவர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னார்:

“இது நம் மொய் நோட்டு மாதிரி இருக்கிறதே, ஆயா! இதையா மறைத்தாய்? வாங்கியதை எழுதி வைப்பதில் வெட்கம் இல்லை. வாங்கியதைத் திருப்பிச் செய்யாமல் இருந்தால்தான் வெட்கம்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பேருந்தில், “காசு கட்டிவிட்டோம். ஆனால் புத்தகம் வரும்வரை அந்தப் பிள்ளைக்கு என்ன வழி?” என்று அவரும் கேட்டார். ஆசிரியை மலாயில் கேட்டதைத்தான் அப்பா தமிழில் கேட்டார்.

எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. அரிக்கப்பட்ட பதினொரு பக்கங்களையும் கையால் எழுதிச் சேர்த்துவிட்டால், புதிய நூல் வரும்வரை அந்தப் பழைய நூலே பயன்படும். ஆனால் பார்த்து எழுதுவதற்கு நல்ல நூல் ஒன்று வேண்டும். அது என் தோழியிடம் இருந்தது. அவளிடம் கேட்பதென்றால், ஈப்போவில் வாங்கியதாக நான் சொன்ன பொய்யையும் சொல்லியாக வேண்டும்.

விடுமுறையின் முதல் வாரத்தில் அவளுடைய கடைக்குப் போனேன். வெங்காய மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, “என் புத்தகம் கடையில் வாங்கியதன்று. கடனுதவியில் கிடைத்தது. உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்” என்றேன்.

“தெரியும். நீ வரிசையில் நின்றதைப் பார்த்தேன்” என்றாள் அவள்.

“பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை?”

“நீ சொல்ல விரும்பவில்லை என்று தெரிந்தது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூடவே கடையில் பொட்டலம் கட்டும் மெல்லிய தாள்கள் சிலவற்றையும் தந்தாள். வரைபடத்தின்மேல் வைத்துப் படியெடுக்க அவை உதவும் என்றாள்.

அந்த விடுமுறையில் பதினொரு பக்கங்களையும் எழுதி முடித்தேன். வரைபடத்திற்கு மட்டும் மூன்று நாள் ஆயிற்று. ஆசிரியை அவற்றைத் தைத்து நூலில் சேர்த்தார். அரிக்கப்பட்டிருந்த அட்டவணைக்குப் பதிலாகப் புதியதொன்றைக் கோடு போட்டு வரைந்து, முன்பிருந்த மூன்று பெயர்களையும் தம் பதிவேட்டைப் பார்த்து எழுதினார். நான்காவது வரியைக் காலியாக விட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். என் பெயரைத் தெளிவாக, மறைக்காமல் எழுதினேன். ஐந்தாவது வரியில் அடுத்த ஆண்டு மாணவி ஒருத்தி தன் பெயரை எழுதினாள். அவளை நான் அறிவேன். எங்கள் தோட்டத்திற்கு அடுத்த தோட்டத்துப் பிள்ளை. என் கையெழுத்தில்தான் அவள் நாட்டின் வரைபடத்தைப் படித்தாள்.

இதெல்லாம் நடந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. இந்த இடைக்காலத்தில் நிறைய மாறியிருக்கிறது. வறுமையில் வாடும் மாணவர்களுக்காக 2003இல் ஏழை மாணவர் அறநிதி தொடங்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு முதல், பெற்றோரின் வருமானத்தைக் கேட்காமல், அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் எல்லா மாணவர்களுக்கும் பாடநூல்கள் இரவலாகக் கிடைக்கின்றன. பள்ளித் தொடக்க உதவித்தொகை முன்பு வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு 100 ரிங்கிட்டாக இருந்தது. 2023இல் அது 150 ரிங்கிட்டாக உயர்ந்தது. வருமான வேறுபாடின்றி, முதலாம் ஆண்டு முதல் ஐந்தாம் படிவம் வரை பயிலும் எல்லா மாணவர்களுக்கும் வழங்கப்பட்டது.

2008இல் பாடநூல் அறைக்கு முன்னால் நின்ற வரிசையை நான் மறக்க மாட்டேன். மருத்துவரின் மகனும் லாரி ஓட்டுநரின் மகனும் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். ஒலிபெருக்கியில் பெயர்ப்பட்டியல் இல்லை. எல்லாரும் நிற்கிற வரிசையில் நிற்பதற்கு யாரும் கூச்சப்படவில்லை. உதவியின் அளவு மட்டுமன்றி, அது கொடுக்கப்படும் விதமும் முக்கியம் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

ஆனாலும் எல்லாச் செலவும் தீர்ந்துவிடவில்லை. பாடநூல் கிடைத்தாலும் பள்ளிக்கு வர வண்டிக் காசு வேண்டும். ஓராண்டில் வளர்ந்துவிடும் பிள்ளைக்குப் புதிய சீருடை வேண்டும். பயிற்சிப் புத்தகங்கள் வேண்டும். இவற்றுக்கான உதவிகளில் சில இன்றும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. அவற்றுக்குப் பாரம் நிரப்பியே ஆக வேண்டும். பாரம் இருக்கும் இடத்தில் என் அப்பாவின் தயக்கமும் என் வெட்கமும் இன்றும் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். நன்றாகப் படிப்பான். ஆனால் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், ஒவ்வொரு மாதத்தின் கடைசி வாரத்திலும் அவன் பெயருக்கு நேரே வராத நாள்கள் இருந்தன. காய்ச்சல், வயிற்றுவலி என்று காரணம் சொல்வான். மாதக் கடைசியில் மட்டும் வருகிற காய்ச்சலைப் பற்றி எனக்கு ஐயம் எழுந்தது. விசாரித்தபோதுதான், தொழிற்சாலையில் வேலை செய்யும் அவனுடைய தாயாருக்குச் சம்பளம் வரும்வரை வண்டிக்காரருக்குக் கொடுக்கக் காசு இருக்காது என்று தெரிந்தது. ஆண்டுத் தொடக்கத்தில் அவனுக்கு உதவிநிதிப் பாரம் கொடுத்திருந்தோம். அது மடிப்புக்கூடக் கலையாமல் அவன் பையிலேயே இருந்தது.

“வீட்டில் ஏனப்பா காட்டவில்லை?” என்று கேட்டேன்.

“எல்லாருக்கும் முன்னால் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தீர்கள், டீச்சர்” என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. வேலை விரைவாக முடிய வேண்டும் என்று, என் ஆசிரியர் அன்று செய்த அதே பிழையை நானும் செய்திருந்தேன். ஒலிபெருக்கி மட்டும்தான் இல்லை.

அடுத்த ஆண்டிலிருந்து முறையை மாற்றினேன். வகுப்பிலுள்ள எல்லாருக்கும் ஓர் உறை கொடுப்பேன். உள்ளே பாரம் இருக்கும். தேவைப்படுபவர்கள் நிரப்பலாம், தேவையில்லாதவர்கள் வெறும் பாரத்தை அப்படியே வைக்கலாம். ஆனால் எல்லாரும் உறையை ஒட்டி, குறித்த நாளில் என்னிடம் தர வேண்டும். யார் நிரப்பினார், யார் நிரப்பவில்லை என்பது உறைக்குள் இருக்கும். என் தோழி ஓர் ஆண்டு முழுவதும் காத்த அந்த மௌனத்தை இப்படித்தான் என் மாணவர்களுக்குக் கொடுக்க முடிந்தது. முதல் ஆண்டிலேயே முன்பைவிடக் கூடுதலான பாரங்கள் நிரப்பப்பட்டு வந்தன. அந்த மாணவனின் உறையும் அவற்றில் ஒன்று. அவனுடைய விண்ணப்பம் ஏற்கப்பட்டது. பதிவேட்டில் மாதக் கடைசிக் காய்ச்சல் குறைந்தது.

மாணவர்களே, உங்களில் யாருக்காவது பள்ளிச் செலவுக்குச் சிரமம் இருந்தால், அதை மறைத்து மறைத்துப் படிப்பை இழந்துவிடாதீர்கள். வகுப்பாசிரியரிடமோ பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ தனியாகச் சொல்லுங்கள். பாரத்தை வீட்டில் காட்டுங்கள். பெற்றோர் தயங்கினால், பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். உங்கள் பெற்றோரின் உழைப்பும் இந்த நாட்டின் பொதுப் பணத்தில் கலந்திருக்கிறது. உங்களுக்குச் சிரமம் இல்லையென்றால், பக்கத்தில் இருப்பவர் சொல்ல விரும்பாததைக் கேட்காமல் இருங்கள். அவர் கேட்கும்போது புத்தகத்தை எடுத்துக் கொடுங்கள். வாங்கிய உதவியைக் காசாகத்தான் திருப்ப வேண்டும் என்பதில்லை. ஒரு நூலைக் கிழியாமல் காப்பதும், தெரிந்த பாடத்தைத் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுப்பதும் மொய் திருப்பிச் செய்வதுதான்.

அந்த மளிகைக் கடை இப்போது இல்லை. தோழி வெளியூரில் இருக்கிறாள். பேசும்போதெல்லாம், “வரைபடம் நன்றாக வந்ததா?” என்று இன்றும் கேலி செய்வாள். அப்பா காலமாகிவிட்டார். அவருடைய மொய் நோட்டு என்னிடம் இருக்கிறது.

இனி, தொடக்கத்தில் பார்த்த அந்தப் பக்கத்தை மறுபடி திறந்து பாருங்கள். உங்கள் பெயருக்கு மேலே எழுதப்பட்ட பெயர்கள் இருந்தால், அவர்கள் இந்த நூலைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் இது உங்கள் கைக்கு வந்தது. உங்கள் பெயரை எழுதாமல் விட்டிருந்தால், இப்போதே தெளிவாக எழுதுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக இருக்கும். அது அடுத்த ஆண்டு வரப்போகும் பிள்ளைக்கு உரியது.